கோயில் 32 குமிழுக்குள்ள அடங்குது, கோபுரம்தான் அடங்க மாட்டேங்குது: லெகோவுல மைக்ரோ ஸ்கேல் (குட்டி அளவு) மதுரைக்கு யோசனை சொல்லுங்க

தெப்பக்குளத்துக்காரன் | சனி, இரவு 9:40

வணக்கம். ரெண்டு வருஷமா சத்தமில்லாம படிச்சிட்டுப் போறவன். இன்னைக்குத்தான் வாயத் திறக்குறேன்.

பையன் வேலைக்குன்னு பெங்களூர் போயிட்டான். அவன் சின்னப் பிள்ளையில விளையாடுன லெகோ ஒரு சூட்கேஸ் நிறையப் பரண்ல கிடந்துச்சு. வெளிநாட்டுல இருக்கிற என் மச்சினன் லீவுக்கு வர்றப்பல்லாம் ஒரு டப்பா தூக்கிட்டு வருவான், அதுல சேர்ந்தது. பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைக்கையில "இத யாருக்காச்சும் குடுத்துருங்க"ன்னா வீட்டம்மா. குடுக்கணும்னுதான் இறக்குனேன். இறக்குனவன் அப்படியே உக்காந்துட்டேன்.

உள்ள சாம்பல் கலர்ல 32×32 அடித்தட்டு ஒண்ணு இருந்துச்சு. கட்டி மாட்டுறதுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்தக் குமிழ் ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் 8 மில்லிமீட்டர். அப்ப 32 குமிழ்னா 25.6 சென்டிமீட்டர். சும்மா ஒரு கணக்குப் போட்டேன். மீனாட்சி அம்மன் கோயில் வெளி மதில் ஏறக்குறைய 254 மீட்டருக்கு 237 மீட்டர். ஆயிரத்துல ஒரு பங்காக்குனா 25.4 சென்டிமீட்டருக்கு 23.7. 32 குமிழுக்கு 30 குமிழ், அடிச்சு வெச்ச மாதிரி உக்காருது! ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டம்மாவ எழுப்பிச் சொன்னேன். அவ சொன்னத இங்க எழுத முடியாது.

சிக்கல் கோபுரத்துல. தெற்குக் கோபுரம் 50 மீட்டர்னு வெச்சா, நம்ம கணக்குக்கு 5 சென்டிமீட்டர். பிளேட்டுங்கிற தட்டைக் கட்டி ஒண்ணு 3.2 மில்லிமீட்டர் உயரம், அதனால 15, 16 பிளேட்டுக்குள்ள முடிச்சாகணும். கீழ 4×3, மேல போகப் போகச் சின்னதா அடுக்கிப் பார்த்தேன். மாடிப்படி மாதிரி நிக்குது. ஒரு பக்கம் சாய்மானம் சரியா வந்தா இன்னொரு பக்கம் செங்குத்தா நிக்குது. மொத்தம் 14 கோபுரம் செய்யணும், ஒண்ணுக்கே முழி பிதுங்குது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பருத்திப்பால் | சனி, இரவு 10:05

அண்ணே, வடக்குக் கோபுரத்துல ஆரம்பிங்க. அதுக்குப் பேரே மொட்டைக் கோபுரம். பொம்மை இல்லைன்னு யாரும் கேக்க முடியாது 😀

அரைக்குமிழ் | சனி, இரவு 10:31

தெப்பக்குளத்துக்காரன் சார், நீங்கள் ஒவ்வொரு அடுக்கிலும் முழுக் குமிழ் குறைத்திருக்கிறீர்கள். 4 அகலத்தின் மேல் 3 அகலத்தைச் சாதாரண பிளேட்டில் வைத்தால் ஒரு ஓரமாகத்தான் உட்காரும். நடுவில் உட்கார வேண்டுமானால் இரண்டு பக்கமும் அரைக் குமிழ் உள்ளே போக வேண்டும். அதற்குத்தான் ஜம்பர் பிளேட். 2×2 அளவில் மேலே நடுவில் ஒரே ஒரு குமிழ் உள்ள பிளேட் உங்கள் சூட்கேஸில் கட்டாயம் கிடக்கும், தேடுங்கள்.

4×3 அடுக்கின் மேல்தளத்தை இப்படிக் கட்டுங்கள். இரண்டு 2×2 ஜம்பரைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மீதி இருக்கும் 4×1 வரிசையில் குமிழே இல்லாத வழவழப்பான டைல். இப்போது மேலே தெரிவது இரண்டே குமிழ். அதில் 3×2 பிளேட்டை மாட்டினால் நாலு பக்கமும் சரியாக அரைக் குமிழ் உள்வாங்கி நிற்கும். அந்த 3×2 மேலேயும் அதே வேலை: ஒரு 2×2 ஜம்பர், பக்கத்தில் 1×2 டைல். அதன் மேல் 2×1. அவ்வளவுதான் கோபுரத்தின் எலும்பு.

உச்சிக்கு, இரண்டு பக்கமும் சரியும் 1×1 ஸ்லோப் என்று ஒன்று உண்டு. இரண்டைச் சேர்த்து வைத்தால் வண்டிக்கூடு மாதிரி ஒரு முகடு கிடைக்கும். பழைய சூட்கேஸில் அது இருக்காது, பிற்பாடு வந்த துண்டு. இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் சரியும் குட்டித் துண்டு, சீஸ் ஸ்லோப் என்பார்கள், அது இரண்டு போதும். கலசம் ஒன்பதும் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள்.

சுதைக்காரன்_மகன் | ஞாயிறு, காலை 6:50

லெகோ பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் மகள் இந்தப் பக்கத்தைக் காட்டினாள். அப்பா காலத்திலிருந்து கோபுரத்தில் சாரம் கட்டி ஏறியவர்கள் நாங்கள். ஒரு விஷயம் சொல்லலாமா?

நீங்கள் எல்லோரும் கோபுரத்தை நேர்கோட்டில் சாய்கிற ஏணி மாதிரி நினைக்கிறீர்கள். நம்ம ஊர்க் கோபுரம் அப்படி இல்லை. தெற்குக் கோபுரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். கீழே வேகமாக உள்வாங்கும், மேலே போகப் போக நிமிர்ந்துவிடும். ஓரக்கோடு உள்பக்கமாக லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவுதான் அதை உயரமாகக் காட்டுகிறது. அதனால் படிகளைச் சம அளவில் வைத்தால் எத்தனை ஜம்பர் போட்டாலும் மதுரைக் கோபுரம் வராது, வேறு ஊர்க் கோபுரம்தான் வரும்.

இன்னொன்று. கீழே இருக்கிற கல்காரத்தையும் மேலே இருக்கிற நிலைகளையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். கீழே கருங்கல், அது செங்குத்து. அதற்கு மேல்தான் செங்கல்லும் சுதையும். ஆக நீங்கள் செங்கல் கட்டியில் செய்வது ஒன்றும் தப்பில்லை.

அரைக்குமிழ் | ஞாயிறு, காலை 7:15

ஐயா, இதைத்தான் இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் மூன்று கோபுரம் கட்டிப் பிரித்தவள். "என்னவோ குறைகிறது" என்று மட்டும் தெரிந்தது.

தெப்பக்குளத்துக்காரன் | ஞாயிறு, மதியம் 1:20

சாப்பிடக்கூட எழுந்திரிக்கல. கேளுங்க.

கல்காரத்துக்கு 4×3ல நாலு பிளேட், அடர் சாம்பல். அதுக்கு மேல ஒரு நிலைக்கு ஒரு பிளேட்டுன்னு வெச்சேன். ஐயா சொன்ன மாதிரி கீழ வெரசா குறைச்சேன்: 4×3 அளவுல ரெண்டு நிலை, 3×2 அளவுல மூணு நிலை, 2×1 அளவுல நாலு நிலை. டீச்சர் சொன்ன ஜம்பர் தளத்தையும் ஒரு நிலையாவே எண்ணிக்கிட்டேன். (டீச்சர்தானே நீங்க? எழுத்தப் பார்த்தா அப்படித்தான் தெரியுது.) 2, 3, 4, கூட்டிப் பாருங்க. ஒன்பது நிலை!

உச்சிக்கு ரெண்டு பிளேட் உயரத்துல சீஸ் ஸ்லோப். ஆக 4 + 9 + 2, மொத்தம் 15 பிளேட். 15 × 3.2 = 48 மில்லிமீட்டர். ஆயிரத்தால பெருக்குங்க, 48 மீட்டர். நான் ஒண்ணும் பண்ணல, அதுவா வந்துச்சு.

அளவு மட்டும் இல்ல, பார்த்தவுடனே தெரியுது. பக்கத்து வீட்டு வாண்டு வந்துச்சு, "தாத்தா, கோயிலு"ன்னுச்சு. யாரும் சொல்லிக் குடுக்கல.

பருத்திப்பால் | ஞாயிறு, மதியம் 1:48

அண்ணே, தாத்தான்னு சொல்லிருச்சே, அதுக்கு வருத்தம் இல்லையா

வடக்குமாசி | ஞாயிறு, மாலை 4:02

நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பொழுதுபோக்கு மச்சினன் வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்குத்தான். நான் போன வருஷம் உள்ளூர்ல ஒரு கடையில கிலோ கணக்குல லூஸ் கட்டி வாங்குனேன். பார்க்க அச்சு அசல். நாலு அடுக்கு வரைக்கும் பிரச்சினை இல்ல. பத்து அடுக்கு ஏறுனதும் கோபுரம் வைகைப் பக்கம் சாய ஆரம்பிச்சிருச்சு. ஒரு கட்டி இறுக்கமா மாட்டுது, அடுத்தது தொளதொளன்னு கழண்டு விழுது. ரெண்டு கட்டி பல்லால கடிச்சுத்தான் பிரிச்சேன். விரல் நகம் போனதுதான் மிச்சம்.

பெரிய வண்டி, பெரிய வீடு செஞ்சா இது தெரியாது. மைக்ரோவுல ஒவ்வொரு மில்லிமீட்டரும் முகத்துல அறையுது.

அபுதாபி_மதுரக்காரி | ஞாயிறு, மாலை 5:30

வடக்குமாசி அண்ணே, அதுக்குக் காரணம் அச்சு. லெகோக்காரங்க வார்ப்பு அச்சுல நூத்துல ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியம் பார்ப்பாங்க. 1958ல காப்புரிமைக்குக் குடுத்த குமிழும் குழாயும்தான் இன்னைக்கும். என் மாமனார் வீட்டுல இருந்த ரொம்பப் பழைய கட்டிகூட இப்ப வாங்குனதோட மாட்டுது.

விலை விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். பொம்மைக்கு இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023ல 70. 2021 ஜனவரியில இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். நம்ம ஊருல பொம்மை செய்யட்டும்னு போட்டது, அதுல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா செய்யறவங்க அச்சுக்கும் செலவழிக்கணும்ல.

மைக்ரோவுல ஒரு லாபம் இருக்குண்ணே. கட்டி கம்மியா போதும். மினிஃபிக்னு சொல்ற குட்டி லெகோ ஆளு நிக்குற அளவுக்குக் கோபுரம் கட்டணும்னா வீட்டுல ஒரு மூலையையே அடைச்சுக்கும். இங்க ஒரு கோபுரத்துக்கு இருபத்தஞ்சு முப்பது துண்டு. பழைய சூட்கேஸே தாங்கும்.

ஒத்தக்கடை_யானை | ஞாயிறு, இரவு 8:11

அண்ணே, ஆனைமலைய விட்டுட்டீங்களே. கோயிலச் செஞ்சா ஊர் முடிஞ்சிருமா? வடகிழக்குல ஒத்தக்கடையில எங்க பாறை மலை யானை மாதிரி படுத்துக் கிடக்கு.

நானும் ஒண்ணு முயற்சி பண்ணேன், கேவலமாப் போச்சு. மலை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளம். உங்க அளவுல செஞ்சா 3 மீட்டர், எங்க வீட்டுத் திண்ணையவிட நீளம். சரின்னு 1:10000 எடுத்தேன். 30 சென்டிமீட்டர் நீளம் வந்துச்சு, சந்தோஷம். உயரம் ஏறக்குறைய 90 மீட்டர். அதப் பத்தாயிரத்தால வகுத்தா 9 மில்லிமீட்டர். ஒரு செங்கல்லு உயரமே 9.6 மில்லிமீட்டர்! முழு ஆனைமலையும் ஒரு கட்டி உயரத்துக்குள்ள முடிஞ்சிருச்சு. நேர்ல பார்த்தா யானை, அளவுல செஞ்சா பல்லி.

தெப்பக்குளத்துக்காரன் | ஞாயிறு, இரவு 8:40

தம்பி, அளவுன்னா அளவுதான். பல்லியா வந்தா பல்லிதான். உயரத்த இழுத்துவிட்டா அப்புறம் அது பொம்மை.

ஒத்தக்கடை_யானை | ஞாயிறு, இரவு 8:44

பொம்மைதாண்ணே அது 🙏

அரைக்குமிழ் | ஞாயிறு, இரவு 9:30

இதில் நான் யானைத் தம்பி கட்சி. சார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளிக்கூட நில அமைப்பு மாதிரிகளைப் பார்த்திருப்பீர்கள். மலையின் உயரத்தை மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏற்றித்தான் செய்வார்கள். புவியியலில் அது சம்பிரதாயம். ஏனென்றால் நாம் மலையை வானத்திலிருந்து பார்ப்பதில்லை. ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். அந்த அண்ணாந்த கழுத்தையும் சேர்த்துக் கட்டினால்தான் யானை வரும். தம்பி, உயரத்தை மூன்று மடங்காக்கி மூன்று கட்டி உயரத்துக்குச் செய்து பாருங்கள். தலைப்பக்கம் மேடு, முதுகு, பிறகு இறக்கம். தும்பிக்கை தரையில் நீட்டின மாதிரி இருக்கிற பகுதியை மட்டும் டைல் போட்டு வழவழப்பாக விடுங்கள். பாறை என்று கண் தானாக எடுத்துக்கொள்ளும்.

சாருக்கு ஒரு கேள்வி. திருமலை நாயக்கர் மகாலை என்ன செய்யப் போகிறீர்கள்? 248 தூண் என்பார்கள். தூண் ஒன்றரை மீட்டர் தடிமன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அளவில் ஒன்றரை மில்லிமீட்டர். குண்டூசித் தடிமனுக்கு லெகோவில் தூண் கிடையாது. அளவுதான் தெய்வம் என்றால் தூணே இல்லாத மகால்தான் கட்ட முடியும். தூண் இல்லாமல் அது நாயக்கர் மகாலா, தாலுகா ஆபீஸா?

நான் கட்டியதைச் சொல்கிறேன். 1×2 கிரில் டைல் இருக்கிறதல்லவா, காருக்கு முன்னால் வைக்கிற கம்பி போட்ட டைல். அதைப் பக்கவாட்டில் செங்குத்தாக மாட்டினேன். நீளவாட்டில் ஓடும் கோடுகள் நிமிர்ந்து நின்றன. வெளிச்சம் ஒரு கோடு, நிழல் ஒரு கோடு. முற்றத்தில் நின்றால் நமக்குக் கண்ணில் படுவது எண்ணிக்கை இல்லை, அந்த வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வருவதுதான். தூண் ஒன்றுகூட இல்லை. ஆனால் பார்த்தவர் எல்லோரும் மகால் என்றுதான் சொன்னார்கள்.

வடக்குமாசி | ஞாயிறு, இரவு 9:52

பக்கவாட்டுல எப்படி மாட்டுறது? பசையா?

அரைக்குமிழ் | ஞாயிறு, இரவு 10:01

பசை என்ற சொல்லை இந்த இழையில் இனிமேல் யாரும் எழுதக் கூடாது.

விலாவில் குமிழ் உள்ள கட்டிகள் உண்டு: ஹெட்லைட் கட்டி, எல் வடிவ பிராக்கெட். அதில் மாட்டலாம். ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும்: ஐந்து பிளேட் உயரம் என்பது இரண்டு குமிழ் அகலத்துக்குச் சமம், இரண்டுமே 16 மில்லிமீட்டர். பக்கவாட்டில் கட்டுகிற வித்தை முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. கட்டி கையில் இல்லாதவர்கள், லெகோவைக் கணினியிலேயே அடுக்கிப் பார்க்கிற பிரிக்லிங்க் ஸ்டூடியோ மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். அந்த நிறத்தில் அந்தத் துண்டு உண்மையில் வந்திருக்கிறதா என்றும் சொல்லிவிடும்.

அபுதாபி_மதுரக்காரி | திங்கள், காலை 7:20

கலர் என்ன போடப் போறீங்கண்ணே? லெகோவுலேயே தாஜ்மகால் வந்துச்சு. 2008ல 5922 துண்டுல பெருசு, 2021ல ஆர்க்கிடெக்சர் வரிசையில 2022 துண்டுல சின்னது. ரெண்டும் வெள்ளையோ வெள்ளை, தலைவலி இல்ல. நம்ம கோபுரத்துல இல்லாத கலர் எது?

தெப்பக்குளத்துக்காரன் | திங்கள், காலை 8:05

அதத்தான் ரெண்டு நாளா முழிச்சிட்டு இருக்கேன். நிலைக்கு ஒரு கலர் போட்டுப் பார்த்தேன், நீலம் பச்சை சிவப்பு மஞ்சள். கடைசியில மிட்டாய்க் கடை ஜாடி மாதிரி ஆகிப்போச்சு. எல்லாம் சந்தன கலர் போட்டா, 'மணல்ல செஞ்சதா'ங்குறா வீட்டம்மா.

சுதைக்காரன்_மகன் | திங்கள், இரவு 9:15

வண்ணம் அடிக்கிறபோது நாங்கள் பார்க்கிறது கைக்கு எட்டுகிற தூரம். ஒரு பொம்மையின் முழங்காலுக்கு ஒரு நிறம், வேட்டிக் கரைக்கு ஒரு நிறம். கீழே இறங்கி ஆவணி மூல வீதி தாண்டி வந்து திரும்பினால் ஒன்றும் தனியாகத் தெரியாது. வைகை மேல் இருக்கிற ஏ.வி. பாலத்தில் நின்று பார்த்தால் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரே நிறம், வெயில் பட்ட இடத்தில் கொஞ்சம் சந்தனம்.

நீங்கள் ஆயிரத்தில் ஒரு பங்காகச் செய்கிறீர்கள். ஒரு முழம் தள்ளி நின்று அதைப் பார்க்கிறவர் உண்மையில் அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார். அந்தத் தூரத்து நிறத்தைப் போடுங்கள்.

தெப்பக்குளத்துக்காரன் | திங்கள், இரவு 9:40

ஐயா, உங்க வீடு எந்தப் பக்கம்? ஒரு நாள் வந்து காலத் தொட்டுக் கும்பிட்டுக்கிறேன்.

தெப்பக்குளத்துக்காரன் | வெள்ளி, இரவு 10:22

நிலவரம் சொல்றேன். நாலு வெளிக் கோபுரமும் முடிஞ்சது. பாசிப்பச்சை, சாம்பல், நடுவுல ஒண்ணு ரெண்டு சந்தனம். வடக்குக் கோபுரத்த மட்டும் கொஞ்சம் வெறிச்சுன்னு விட்டிருக்கேன், பருத்திப்பால் தம்பிக்காக. உள்ள இருக்கிற சின்னக் கோபுரமெல்லாம் 2×1, 1×1 அடுக்கி மேல சீஸ் ஸ்லோப். தங்க விமானம் ரெண்டுக்கும் தங்கக் கலர்ல 1×1 ரவுண்டு. ஆயிரங்கால் மண்டபத்துல 985 தூண். அது கூரைக்கு அடியில இருக்கு, கூரை மட்டும் போட்டேன். எவ்வளவு நிம்மதி தெரியுமா.

ஒண்ணு ஒத்துக்கிறேன். உள்கோபுரங்கள அளவுக்குச் செஞ்சப்போ வெளிக் கோபுரங்களுக்கு நடுவுல எடுபடவே இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிளேட் கூடப் போட்டிருக்கேன். ஒத்தக்கடைத் தம்பி சிரிக்க வேணாம்.

அடுத்தது எங்க ஏரியா, தெப்பக்குளம். 305 மீட்டருக்கு 290 மீட்டர், அதாவது 38 குமிழுக்கு 36. கோயிலவிடப் பெருசு! இத்தனை வருஷம் கரையில குடியிருந்தும் இது எனக்கு உறைக்கல. 48×48 அடித்தட்டுல நடுவுல குளம், சுத்தி ரோடு. மைய மண்டபத்துக்கு ஒரு குட்டிக் கோபுரம், சுத்தி நாலு பச்சை ரவுண்டு பிளேட் மரம். தண்ணிக்கு என்ன கலர்?

பருத்திப்பால் | வெள்ளி, இரவு 10:30

நான் படிக்கிறப்போ குளம் வத்திக் கிடக்கும், அதுக்குள்ள கிரிக்கெட் ஆடுவோம்ணே. சந்தன கலர் போட்டு ஸ்டம்ப் நடுங்க.

தெப்பக்குளத்துக்காரன் | வெள்ளி, இரவு 10:37

இப்பத்தான் பனையூர்க் கால்வாய் வழியா வைகைத் தண்ணி வருதுல்ல. இந்த அளவுல ஸ்டம்ப் ஒரு மில்லிமீட்டர்கூட வராது தம்பி.

அரைக்குமிழ் | வெள்ளி, இரவு 10:50

நீலம் மட்டும் போடாதீர்கள். நீச்சல் குளம் ஆகிவிடும். அடர் பச்சை பிளேட், மேலே அங்கங்கே நிறமில்லாத கண்ணாடி டைல். முழுக்கப் போட வேண்டாம்.

ஒத்தக்கடை_யானை | சனி, காலை 6:15

அண்ணே, ராத்திரி படுத்துட்டு ஒரு கணக்குப் போட்டேன். குமிழோட உயரம் 1.7 மில்லிமீட்டர். உங்க அளவுல அது 1.7 மீட்டர். ஒரு ஆளு உயரம்ணே!

நீங்க கோயில் தட்டச் சுத்திச் சேர்த்த மாசி வீதியெல்லாம் டைல் போட்டு வழவழன்னு வெச்சிருக்கீங்க. அது சாதாரண நாள். டைல எடுத்துட்டுக் குமிழ் தெரியுற பிளேட்டப் போட்டீங்கன்னா சித்திரைத் தேரோட்டம். குமிழ் ஒவ்வொண்ணும் ஒரு கூட்டம்.

தெப்பக்குளத்துக்காரன் | சனி, காலை 6:41

டேய் தம்பி.

டைல் எல்லாத்தையும் கழட்டிட்டு இருக்கேன். அடியில சந்தனப் பிளேட்டா, வெள்ளையும் மஞ்சளும் கலந்து போடவா?

சுதைக்காரன்_மகன் | சனி, காலை 7:30

கலந்து போடுங்கள். பெண்கள் கூட்டம் அதிகம் இருக்கும், மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் கூடுதலாக.

வடக்குமாசி | சனி, காலை 8:12

எங்க தெருவுல கூட்டம் இன்னும் நெருக்கமா இருக்கும், பார்த்துக்கங்க. சரி, தேர எதுல செய்யுறீங்க?

தெப்பக்குளத்துக்காரன் | சனி, காலை 8:20

ஐஸ்கிரீம் கோன் ஒண்ணக் கவுத்து வெச்சுப் பார்த்தேன். வீட்டம்மா வேணாம்னுட்டா. 1×1 ரவுண்டு பிளேட் மூணு, மேல ஒரு சிவப்புக் கூம்பு. தெற்கு மாசி திருப்பத்துல நிக்குது, இன்னும் திரும்பல.